வக்கீல் எம்.பி. ஆவதும் எம்.பி.யாக நிலைப்பதும்: நெல்லைச் சீமைக்கான கேள்வி பதில்

பாளையங்கோட்டை மாவட்ட நீதிமன்றத்திலும் அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர், தென்காசி, சங்கரன்கோவில் கோர்ட்டுகளிலும் தொழில் செய்துகொண்டே பொதுவாழ்க்கையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. அவர்களுடைய ஜூனியர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறோம். தேர்தலில் நிற்கும்போதும் டெல்லிக்குப் போன பிறகும் பாதி வேலை அவர்கள் தலையில்தான் விழும்.

நம் பக்கத்து வக்கீல்கள் யார் எம்.பி. அளவுக்குப் போயிருக்கிறார்கள்?

கலிங்கப்பட்டி வைகோ சட்டம் படித்தவர். 1978 முதல் 1996 வரை தொடர்ந்து மூன்று முறை மாநிலங்களவை, 1998-லும் 1999-லும் சிவகாசியிலிருந்து மக்களவை, 2019 முதல் 2025 வரை மறுபடியும் மாநிலங்களவை என்று நீண்டது அவர் கணக்கு. கோவிந்தப்பேரி பி.எச்.பாண்டியன் வக்கீல், சேரன்மகாதேவி எம்.எல்.ஏ.வாகிச் சட்டப்பேரவைத் தலைவராக இருந்து, 1999-ல் திருநெல்வேலி எம்.பி. ஆனார். தேர்தல் அரசியலுக்கு வெகு முன்னமே ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ.சி. இந்தச் சீமையில் கோர்ட்டுக்கும் பொதுமேடைக்கும் பாதை போட்டுவிட்டார்.

எம்.பி.க்கு நிற்க எத்தனை வருஷம் பிராக்டிஸ் இருக்க வேண்டும்?

ஒரு நாள்கூட வேண்டாம். சட்டம் கேட்பது இந்தியக் குடியுரிமை, மக்களவைக்கு 25 வயது, மாநிலங்களவைக்கு 30 வயது, வாக்காளர் பட்டியலில் பெயர். அவ்வளவுதான்.

ஆனாலும் ஏழெட்டு வருஷமாவது சிவில் பக்கம் உட்கார்ந்துவிட்டுப் போவது நல்லது என்பது எங்கள் அழுத்தமான கருத்து. பாகப்பிரிவினை வழக்கில் 1930-ஆம் வருஷத்துப் பத்திரத்தை அடியிலிருந்து படித்துப் பழகியவருக்கு 200 பக்க மசோதா மலைப்பைத் தராது. வாய்தா தவறினால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்தவர் நாடாளுமன்ற நோட்டீஸ் கெடுவைத் தவறவிடமாட்டார். மேடைப் பேச்சால் ஜெயித்து வருபவர்கள் ஏராளம். அவையில் நீடித்து மதிப்போடு இருப்பவர்கள், காகிதத்தைத் தேதி தவறாமல் நகர்த்தத் தெரிந்தவர்கள்.

இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு தகவல்: பார் கவுன்சில் பதிவுக் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். வேறு பெயர்களில் இதற்கு மேல் பதிவுக்காக வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அரசு வக்கீலாக இருக்கிறேன். அப்படியே மனுத்தாக்கல் செய்யலாமா?

கூடாது. அரசமைப்பின் 102-ஆவது பிரிவு, ஆதாயம் தரும் பதவியில் இருப்பவரை நாடாளுமன்ற உறுப்பினராக விடாது. ரயில்வே வக்கீல் பட்டியலில் பெயர் இருந்ததையே ஆதாயப் பதவி என்று உச்ச நீதிமன்றம் 1960-களின் கடைசியில் ஒரு வழக்கில் தீர்த்திருக்கிறது. இன்னொரு வழக்கில், ஒரே ஒரு விவகாரத்துக்காக நியமிக்கப்பட்ட சிறப்பு அரசு வக்கீல் அந்த வலையில் விழவில்லை. எந்தப் பக்கம் சாயும் என்று பந்தயம் கட்டுவதற்கு இது இடமில்லை.

அரசு வக்கீல் பதவி, ரயில்வே, பொதுத்துறை வங்கி, காப்பீட்டு நிறுவனம், மின்வாரியம் என எந்தப் பட்டியலில் பெயர் இருந்தாலும் எழுத்தில் விலகுங்கள். கடிதம் கொடுத்தால் போதாது; ஏற்றுக்கொண்ட உத்தரவு கையில் இருக்க வேண்டும். மனுப் பரிசீலனை நாளன்று நிலைமை என்ன என்பதே கணக்கு.

எந்தத் தொகுதி நமக்கு?

திருநெல்வேலி பொதுத்தொகுதி. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், ஆலங்குளம், நாங்குநேரி, ராதாபுரம் ஆகிய ஆறும் அதில் அடக்கம். தென்காசி, பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டத்தில் இருந்தாலும் ஓட்டு தென்காசியில்தான். மக்களவைக்கு நிற்பவர் இந்தியாவில் எந்தத் தொகுதியின் வாக்காளராகவும் இருக்கலாம். முன்மொழிபவர்கள் மட்டும் நீங்கள் நிற்கும் தொகுதிக்காரர்களாக இருக்க வேண்டும்.

மனுத்தாக்கலில் எங்கே தவறு நடக்கிறது?

வேட்புமனுவான படிவம் 2ஏ, சொத்தும் வழக்கும் எழுதும் படிவம் 26 உறுதிமொழிப் பத்திரம், 25,000 ரூபாய் வைப்புத்தொகை. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வைப்புத்தொகை 12,500. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கும் பதிவு மட்டும் பெற்ற கட்சிக்கும் பத்துப் பேர். நான்கு தொகுப்பு வரை தாக்கல் செய்யலாம். நான்கையும் வெவ்வேறு முன்மொழிபவர்களை வைத்துச் செய்யுங்கள். ஒருவருடைய வாக்காளர் பட்டியல் பாகம் எண், வரிசை எண் தவறினாலும் மற்றது காப்பாற்றும். நேரம் காலை 11 முதல் பிற்பகல் 3. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் இருக்கும். உள்ளே வேட்பாளரோடு சேர்த்து ஐந்து பேருக்கே அனுமதி.

தவறுகள் பெரும்பாலும் இந்த இடங்களில்:

படிவம் 26-ல் காலி விடுவது. சொத்து இல்லாவிட்டால் 'இல்லை' என்றும், பொருந்தாவிட்டால் 'பொருந்தாது' என்றும் ஒவ்வொரு கட்டத்திலும் எழுத வேண்டும். கோடு போட்டு வைப்பது ஆபத்து. தேர்தல் அதிகாரி சுட்டிக்காட்டிய பிறகும் காலியாக விட்டால் மனுவைத் தள்ளலாம் என்பது 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனக்கும் மனைவி அல்லது கணவருக்கும் சார்ந்தவர்களுக்கும் ஐந்து வருஷ வருமானவரி விவரம் வேண்டும். ஊரில் பங்கு பிரிக்காத வயல் இருந்தால் உங்கள் பங்கைக் குறித்தே ஆக வேண்டும். அடுத்தவர் பத்திரத்தை அலசும் வக்கீல், சொந்தப் பட்டாவைப் பார்க்காமல் எழுதிவிடுவது வேடிக்கையல்ல, அடிக்கடி நடப்பது.

வேட்பாளர் இவர்தான் என்று கட்சி எழுதித் தரும் படிவம் ஏ, பி. கடைசி நாள் 3 மணிக்குள் வந்து சேர வேண்டும். மையில் போட்ட அசல் கையெழுத்து வேண்டும். நகலோ வாட்ஸ்அப் படமோ செல்லாது.

வெளித்தொகுதி வாக்காளர், தம் பெயர் உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகலைக் கொண்டுவர மறப்பது.

அரசமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்று வாய்மொழியாக உறுதிமொழி எடுப்பது. மனுவைக் கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முந்தைய நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். பரிசீலனையன்று காலையில் போய் நின்றால் பயனில்லை. மனுக் கொடுத்த கையோடு அங்கேயே எடுத்துவிடுங்கள்.

தேர்தல் செலவுக்கான தனி வங்கிக் கணக்கு. மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளரின் செலவு வரம்பு 95 லட்சம். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்கள்தான் இதை விட்டுவிடுகிறார்கள். மூன்று வருஷம் தகுதி நீக்கம் வரும்போதுதான் தெரிகிறது.

வழக்கு இருந்தால் நிற்க முடியாதா?

நிலுவை வழக்கு தடையில்லை; மறைப்பதுதான் தடை. படிவம் 26-ல் எழுதுவதோடு, மனுவைத் திரும்பப் பெறும் கெடு முடிந்த பிறகு பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று தடவை விளம்பரம் செய்ய வேண்டும்.

தண்டனை வந்தால் கணக்கு வேறு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8(3)-ன்படி இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை என்றால் தகுதி போகும். வெளியே வந்த பிறகும் ஆறு ஆண்டு நிற்க முடியாது. பதவியில் இருப்பவருக்கு மேல்முறையீட்டுக்கு என்று முன்பு இருந்த மூன்று மாத அவகாசமும் 2013-க்குப் பிறகு கிடையாது. சில குற்றங்களுக்கு ஆண்டுக்கணக்கே இல்லை, தண்டனை வந்தாலே போதும். அந்தப் பட்டியலைத் தனியாகப் பாருங்கள். 2019 ஜூலையில் வைகோவுக்குத் தேசத்துரோக வழக்கில் ஓராண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மாநிலங்களவை மனுத்தாக்கல் நடந்துகொண்டிருந்த நேரம் அது. இரண்டு ஆண்டுக்குக் குறைவு என்பதால் மனு ஏற்கப்பட்டது. முன்னெச்சரிக்கையாகத் தி.மு.க. தரப்பில் வக்கீல் என்.ஆர்.இளங்கோவும் மனுக் கொடுத்திருந்தார். பிறகு திரும்பப் பெற்றார். மாற்று வேட்பாளர் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

வக்கீலுக்கு இன்னொரு கவலையும் உண்டு: தொழில் செய்யும் உரிமமான சன்னது. வ.உ.சி. 1908 தேசத்துரோக வழக்கில் தண்டனை பெற்றபோது சன்னதையும் இழந்தார். பல ஆண்டுகள் கழித்து நீதிபதி வாலஸ் அதை மீட்டுத் தந்தார். அந்த நன்றியில் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார்.

மாநிலங்களவைக்கு என்ன கணக்கு?

தமிழ்நாட்டுக்கு 18 இடம்; ஒரு தடவைக்கு ஆறு காலியாகும். 234 எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போட்டால் ஒருவர் ஜெயிக்க 34 ஓட்டு வேண்டும். வைப்புத்தொகை 10,000 ரூபாய். முன்மொழியப் பத்து எம்.எல்.ஏ.க்கள் தேவை. சுருங்கச் சொன்னால் கட்சித் தலைமை முடிவெடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

49 ஓட்டில் தோற்றால் கோர்ட்டுக்குப் போகலாமா?

போகலாம். முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு. ஒரு நாள் தாமதத்தையும் மன்னிக்க வழியில்லை. காலம் எவ்வளவு ஆகும் என்பதற்கு ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியே சாட்சி. 2016-ல் வித்தியாசம் 49 ஓட்டு. தலைமையாசிரியர் சான்றிட்ட தபால் ஓட்டுகள் செல்லுமா என்பது தகராறு. 2019-ல் மறு எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, எண்ணவும் செய்தார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குள் 2021 தேர்தலே வந்துவிட்டது. ஆகவே வாக்கு எண்ணும் மேஜையில் உட்காரும் முகவர்களுக்கு, குறிப்பாகத் தபால் ஓட்டு மேஜைக்கு, நல்ல ஜூனியர்களைப் போடுங்கள்.

எம்.பி. ஆன பிறகு வக்கீல் தொழில் செய்யலாமா?

செய்யலாம். எம்.பி. முழுநேரச் சம்பள ஊழியர் அல்ல என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அமைச்சரானால் அங்கியைக் கழற்றி வைப்பதுதான் முறை.

நடைமுறையில் முன்சீப் கோர்ட் வழக்கை நடத்துவது கஷ்டம். பட்ஜெட், மழைக்கால, குளிர்காலக் கூட்டத்தொடர்கள் மூன்றும் வாய்தாவோடு மோதும். அனுமதியில்லாமல் 60 நாள் அவைக்கு வராவிட்டால் இடமே காலி என்று அறிவிக்க முடியும். வழக்குக் கொடுத்த கட்சிக்காரர்களை நிச்சயமில்லாமல் தொங்கவிடாதீர்கள். வக்காலத்தை முறையாக மாற்றி, கட்டுகளைப் பட்டியல் போட்டு ஒப்படைத்துவிட்டுப் போங்கள். தொகுதி முழுக்க ஓட்டு வாங்கியவர், அதே தொகுதியில் அண்ணனுக்காகத் தம்பியை எதிர்த்து வழக்காடுவது ஓட்டுக்கும் நல்லதல்ல, தொழிலுக்கும் நல்லதல்ல.

கேள்வி நேரத்தில் உருப்படியாக ஒரு கேள்வி கேட்பது எப்படி?

இங்கேதான் வக்கீலுக்குச் சாதகம் அதிகம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி. அவற்றுக்கு வாய்மொழிப் பதிலும் துணைக்கேள்வியும் உண்டு. 230 நட்சத்திரமில்லாக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். குறைந்தது 15 முழு நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். ஒரு நாள் பட்டியலில் ஓர் உறுப்பினருக்கு ஐந்து கேள்விதான். அதில் நட்சத்திரம் ஒன்றே. குலுக்கலில் பெயர் வர வேண்டும். நாள்தோறும் எந்த அமைச்சகம் என்பது முன்பே அச்சாகிவிடும். அதை வைத்துக் கூட்டத்தொடருக்கு முன்பே ஒரு நாட்காட்டி போட்டுவிடுங்கள், கோர்ட் டைரி போட்ட அதே கையால்.

கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். வாதமோ கருத்தோ கிண்டலோ இருந்தால் தள்ளிவிடுவார்கள். புதிதாகப் போகிறவர்களுடைய கேள்விகள் தள்ளப்பட முக்கியமான காரணம், மாநில அரசின் வேலையைக் கேட்பது. பேட்டை ரோட்டுப் பள்ளத்தையோ காவல் நிலையத்தையோ டெல்லியில் கேட்க முடியாது. இரண்டாவது காரணம் வக்கீல்களுக்கே உரியது: கோர்ட்டில் நிலுவையில் உள்ளதைக் கேட்பது.

மத்திய அரசு பதில் சொல்ல வேண்டிய விஷயங்கள் நம் சீமையில் நிறையவே இருக்கின்றன: கூடங்குளம் அணு உலைகள், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், மதுரைக் கோட்ட ரயில்கள், பீடித் தொழிலாளர் நலம். ஓர் எடுத்துக்காட்டு. 'முக்கூடல் பீடித் தொழிலாளர் மருத்துவமனையின் அவல நிலையை அரசு அறியுமா?' என்று கேட்டால், 'அப்படி ஒன்றும் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இப்படிப் பிரித்துக் கேளுங்கள்:

அ) ஒப்பளிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் பணியிடங்கள் எத்தனை, இன்றைய தேதியில் காலி எத்தனை, ஒவ்வொன்றும் எந்தத் தேதி முதல் காலி;
ஆ) கடந்த மூன்று நிதியாண்டில் மருந்துக்கு ஒதுக்கியதும் செலவழித்ததும் ஆண்டுவாரியாக எவ்வளவு;
இ) காலியிடங்களை நிரப்பக் காலவரையறை உண்டா, இல்லையென்றால் காரணம் என்ன.

குறுக்கு விசாரணையில் சாட்சியைத் தப்பவிடாமல் சிறுசிறு கேள்வியாகக் கேட்பதும் இதுவும் ஒரே வித்தை. 'பரிசீலிக்கப்படும்' என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அரசு உறுதிமொழிக் குழு அதைக் கண்காணிக்கும். அந்தத் தேதியைக் குறித்து வைத்துத் துரத்துங்கள். பதில் வந்ததும் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவதுதான் பலரும் செய்வது.

உங்களிடம் வழக்குக் கொடுத்த ஒரு கட்சிக்காரரின் லாபத்துக்காகக் கேள்வி கேட்காதீர்கள். 2005 டிசம்பரில் கேள்விக்குப் பணம் வாங்கிய விவகாரத்தில் பதினோரு பேரை இரு அவைகளும் வெளியேற்றின.

தமிழில் பேசலாமா?

தாராளமாக. அவையின் மேஜை அலுவலகத்துக்கு (டேபிள் ஆபீஸ்) முன்கூட்டியே தெரிவித்தால் உடனடி மொழிபெயர்ப்பு இருக்கும். வேகமாகப் பேசாதீர்கள், எண்ணையும் ஊர்ப் பெயரையும் எழுதி மொழிபெயர்ப்பாளருக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

வேறு என்ன கருவிகள் கையில் இருக்கின்றன?

அவசர விஷயத்துக்குப் பூஜ்ய நேரம். தொகுதிப் பிரச்சினைக்கு மக்களவையில் விதி 377: 250 சொல்லுக்குள், வாரத்துக்கு ஒன்று, அமைச்சகம் எழுத்தில் பதில் அனுப்பும். சத்தமில்லாத கருவி என்பதால் இதைப் பலர் மதிப்பதில்லை. எங்களைக் கேட்டால் ரயில் நிறுத்தம், அஞ்சலகம், வங்கிக் கிளை போன்றவற்றுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா வெள்ளிக்கிழமைகளில் வரும். சட்டமாகியவை சுதந்திரத்துக்குப் பிறகு பதினான்கே, கடைசியாக 1970-ல். 2015-ல் திருச்சி சிவாவின் திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையைத் தாண்டவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அரசே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. பலன் அப்படித்தான் சுற்றி வரும்.

குழுக்களில் என்ன வேலை?

அமைச்சகங்களின் வேலையை ஆராயும் துறைவாரி நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் 21 மக்களவை உறுப்பினர், 10 மாநிலங்களவை உறுப்பினர். கேமரா இல்லை, பார்வையாளர் இல்லை. செயலர் நிலை அதிகாரி எதிரே உட்கார்ந்து பதில் சொல்வார். கட்டைப் படித்துவிட்டு வருபவருக்கு உண்மையான அதிகாரம் இங்கேதான் கிடைக்கிறது.

உடன்பாடில்லை என்றால் மாற்றுக் குறிப்பு எழுதலாம். ஆலடிப்பட்டியில் பிறந்த ஆலடி அருணா, போஃபர்ஸ் பீரங்கி பேரத்தை விசாரித்த நாடாளுமன்றக் கூட்டுக்குழுவில் இருந்தார். 1988-ல் குழுவின் அறிக்கை வந்தபோது அதற்கு மாறாகத் தம் குறிப்பை எழுதி இணைத்தார். மற்றவர்கள் ஒரு பக்கம் நின்றாலும் ஒருவருடைய எழுத்து ஆவணத்தில் நிற்கும் என்பதை நம் பக்கத்து மனிதர் ஒருவர் காட்டிய இடம் அது.

தொகுதி மேம்பாட்டு நிதியை எம்.பி. நேரடியாகச் செலவு செய்யலாமா?

முடியாது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். எம்.பி. பரிந்துரைப்பார், ஆட்சியர் தரப்பு மதிப்பீடு போட்டு அனுமதிக்கும். 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிக்கும் போக வேண்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதற்கும் தர முடியாது. தனிநபருக்கும் தனியார் லாபத்துக்கும் கூடாது. வகுப்பறை, பேருந்து நிழற்குடை, ரேஷன் கடைக் கட்டடம் போன்ற நிலையான சொத்தாக இருக்க வேண்டும்.

வேலை நின்றுபோகக் காரணம் பெரும்பாலும் இடம். புறம்போக்கா, கோயில் நிலமா, பஞ்சாயத்துப் பேரில் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிந்துரைத்துவிட்டால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். பரிந்துரைக் கடிதத்தோடு, நிலம் யாருடையது என்று காட்டும் வருவாய்த்துறை அ-பதிவேட்டு நகலையும் புல வரைபடத்தையும் இணைத்து அனுப்புங்கள். கட்டி முடித்த பிறகு யார் பராமரிப்பது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஒரே ஆள் பலமுறை ஜெயிப்பது ஏன் இவ்வளவு அரிது?

திருநெல்வேலியில் 1999 முதல் 2024 வரை ஆறு தேர்தல், ஆறு வேறு வேறு எம்.பி.க்கள். 2009-ல் காங்கிரஸ், 2014-ல் அ.தி.மு.க., 2019-ல் தி.மு.க., 2024-ல் மறுபடி காங்கிரஸ். இதற்கு முன்பு கடம்பூர் ஜனார்த்தனன் இதே தொகுதியில் நான்கு முறை ஜெயித்திருக்கிறார். பக்கத்துத் தென்காசியில் மு.அருணாசலம் 1977 முதல் 1996 வரை ஆறு தேர்தலிலும் தொடர்ந்து வென்றார்.

கூட்டணிப் பங்கீட்டில் தொகுதி வேறு கட்சிக்குக் கைமாறுவது முதல் காரணம். நன்றாக வேலை செய்த எம்.பி.க்கும் சீட்டு இல்லாமல் போவது அதனால்தான். இது நியாயமில்லை என்றுதான் நினைக்கிறோம். ஐந்து வருஷத்தில் கற்றுக்கொண்ட நடைமுறை அறிவு முழுவதும் ஆளோடு போய்விடுகிறது. அடுத்தவர் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்குகிறார்.

இரண்டாவது காரணம் உறுப்பினர் கையில் இருப்பது: அலுவலகம். வரும் மனு ஒவ்வொன்றுக்கும் எண், தேதி, எந்தத் துறைக்கு எழுதியது, பதில் வந்ததா என்று ஒரு பதிவேடு வேண்டும். வக்கீல் குமாஸ்தாவை விட இதைச் சிறப்பாக நடத்தக்கூடியவர் இல்லை. வருங்கால வைப்புநிதி, பாஸ்போர்ட், வெளிநாட்டில் இறந்தவர் உடல், கல்விக்கடன் ஆகிய நான்கும் அதிகம் வரும். நடக்காததை நடக்காது என்று உடனே எழுதிவிட வேண்டும். ஆறு மாதம் அலையவிட்டுச் சொன்னால் அந்தக் குடும்பம் மறக்காது.

பணம் எவ்வளவு வரும்? தோற்றால் என்ன செய்ய வேண்டும்?

2023 ஏப்ரல் முதல் கணக்கிட்டு மாதச் சம்பளம் 1,24,000 ரூபாய், தொகுதிப்படி 87,000, அலுவலகப்படி 75,000, கூட்டம் நடக்கும் நாளுக்கு 2,500. ஓய்வூதியம் மாதம் 31,000. ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு வருஷத்துக்கும் 2,500 கூடும்.

தொழிலுக்குத் திரும்புவதில் சட்டச் சிக்கல் இல்லை. சன்னதை நிறுத்தி வைத்திருந்தால் பார் கவுன்சிலில் எழுதி மீட்க வேண்டும், அவ்வளவே. டெல்லி வீட்டைத்தான் கவனிக்க வேண்டும். பதவி முடிந்த ஒரு மாதத்துக்குள் காலி செய்து, வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி நான்குக்கும் பாக்கியில்லைச் சான்று வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருஷத்துக்குள் எந்தத் தேர்தலில் நின்றாலும் படிவம் 26 அதைக் கேட்கும். பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு மனுத்தாக்கலுக்கு இரண்டு நாள் முன்னால் டெல்லியிலிருந்து அதை வரவழைக்க முடியாது.